வெயிலில் தெரியாத கார் வாஷ் பேமெண்ட் திரை: எதை முதலில் சரிசெய்வது

சுயசேவை கார் வாஷில் பணம் கட்டும் மெஷினின் திரை மத்தியானம் தெரியவில்லை என்று புகார் வந்தால், அதிக பிரைட்னஸ் உள்ள திரைக்கு விலை விசாரிப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. பல மெஷின்களில் கோளாறு திரையின் வெளிச்சக் குறைவல்ல, திரைமேல் விழும் பிம்பம். வானமும் எதிர்ச்சுவரும் வெள்ளைக் காரும் கண்ணாடியில் தெரிகின்றன. அவற்றுக்குப் பின்னால் உங்கள் விலைப் பட்டியல் மறைந்துபோகிறது. பிம்பத்தைக் குறைக்காமல் வெளிச்சத்தை மட்டும் கூட்டினால் கரண்ட் செலவும் சூடும் கூடும், படிக்க முடிவது கொஞ்சம்தான் கூடும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கான வழிகாட்டி இது. கோணம், சன்ஷேடு, கண்ணாடி, புதிய திரை என்று சின்னச் செலவிலிருந்து பெரிய செலவுக்குப் போகும் வரிசையில் எழுதியிருக்கிறோம். வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

வெயில் உச்சத்தில் இருக்கும்போது, அதாவது புகார் வரும் அதே நேரத்தில், மெஷின் முன் நில்லுங்கள். திரையை முழுவதும் அணைத்துவிடுங்கள். கறுத்த திரையில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். மேகமா, எதிர்க் கட்டடமா, உங்கள் வெள்ளைச் சட்டையா? அங்கே தெரிவதுதான் உங்கள் எழுத்தை மறைக்கும் பொருள்.

பிறகு திரையைப் போட்டுவிட்டு மூன்று சோதனைகள் செய்யுங்கள். வேண்டியது ஒரு பெரிய கறுப்புக் குடையும் ஒரு அட்டையும்.

1. குடையை விரித்து உங்கள் முதுகுக்குப் பின்னால், தலைக்கு மேலாகப் பிடியுங்கள். எழுத்து சட்டென்று தெளிந்தால் கோளாறு கண்ணாடிப் பிம்பம். சன்ஷேடும் கோணமும் கண்ணாடியும்தான் மருந்து.

2. குடையை மடக்கிவிட்டு, சூரிய ஒளி திரைமேல் நேராக விழாதபடி அட்டையால் நிழல் போடுங்கள். அப்போதுதான் தெளிகிறது என்றால் கண்ணாடிமேல் உப்புக்கறை, கீறல், பழுத்த பிளாஸ்டிக் என ஒளியைச் சிதறடிக்கும் ஏதோ இருக்கிறது.

3. இரண்டையும் சேர்த்துச் செய்தும் மங்கலாகவே இருந்தால் பேக்லைட் (திரைக்குப் பின்னாலிருந்து ஒளி தரும் விளக்கு) தேய்ந்திருக்கிறது, அல்லது தொடக்கத்திலேயே வெளிச்சம் போதாத திரை. பிரைட்னஸ் அமைப்பு யாராலோ 40 சதவீதத்துக்கு இறக்கி வைக்கப்பட்டிருப்பதும் உண்டு. திரை மாற்றுமுன் அந்த மெனுவை ஒருமுறை திறந்து பாருங்கள்.

கணக்கு ஏன் இப்படி வருகிறது

திரையின் வெளிச்சத்தை நிட் என்ற அலகில் சொல்வார்கள். சாதாரண எல்சிடி திரை 250 முதல் 350 நிட். ‘வெயிலில் தெரியும்’ என்று விற்பவை 1000 நிட்டும் அதற்கு மேலும். மறுபக்கம் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். நேர் வெயில் தரையில் சுமார் 1,00,000 லக்ஸ் (ஒரு பரப்பின்மேல் விழும் ஒளியின் அலகு). பளிச்சென்ற வானத்தை 8000 நிட் என்று வைத்துக்கொள்ளலாம். நேர் வெயில் படும் வெள்ளைச் சுவர் 20,000 நிட்டைத் தாண்டும்.

காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. முன்னே ஒரு பாதுகாப்புக் கண்ணாடி, நடுவே காற்று இடைவெளி, பின்னே எல்சிடி என்றால் பரப்புகள் மூன்று. மொத்தம் 12 சதவீதம். 8000 நிட் வானத்தில் 12 சதவீதம் 960 நிட். 300 நிட் திரையில் வெள்ளைப் பகுதி 300 + 960 = 1260, கறுப்புப் பகுதி ஏறக்குறைய 960. இரண்டுக்கும் விகிதம் 1.3. இந்த விகிதம் 2-க்குக் கீழே இருந்தால் படிப்பது பாடுதான், 5 இருந்தால் சங்கடமில்லாமல் படிக்கலாம், 10-ஐத் தாண்டினால் நன்று.

இப்போது மாற்று வழிகளைப் போட்டுப் பார்ப்போம். அதே கண்ணாடியோடு 1000 நிட் திரை வைத்தால் விகிதம் 2.0. பழைய 300 நிட் திரையையே வைத்துக்கொண்டு காற்று இடைவெளியை நிரப்பி ஒட்டி, முன்பக்கத்தில் பிம்பம் தடுக்கும் பூச்சு கொடுத்து மொத்தப் பிரதிபலிப்பை 1 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 4.7. எதையும் மாற்றாமல், கண்ணாடியில் வானத்துக்குப் பதில் 500 நிட்டுக்கு மேல் போகாத இருண்ட சன்ஷேடு தெரியும்படி செய்தால் 6. ஒட்டிய 1000 நிட் திரைக்குப் பூச்சும் இருந்தால் 13.

தகடு வளைத்துச் செய்த சன்ஷேடு விலையுயர்ந்த திரையை முந்துகிறது. இந்த ஒரு கணக்கை நினைவில் வைத்தால் விற்பனைப் பிரதிநிதி எதைச் சொன்னாலும் எடைபோட்டுக்கொள்ளலாம்.

கார் கடைகளில் ஒட்டும் கறுப்பு டிண்ட் ஃபிலிமைத் திரைமேல் ஒட்டுவதும் நடக்கிறது. 50 சதவீத ஒளியை விடும் ஃபிலிமை முன்கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டினால் திரையின் 300 நிட் 150 ஆகிறது. உள்பரப்புகளின் பிரதிபலிப்பு இருமுறை ஃபிலிமைக் கடந்து கால்பங்காகிறது. ஆனால் வெளிப்பரப்பின் 4 சதவீதம் அப்படியே நிற்கிறது. கூட்டிப் பார்த்தால் விகிதம் மறுபடியும் 1.3. காசும் போய், இரவில் திரையும் இருண்டுபோகும்.

திசையும் கோணமும்

புதிதாக மெஷின் நிறுத்துவதென்றால் இங்கேயே பாதி வேலை முடிந்துவிடும். தமிழ்நாட்டில் திரை வடக்கு பார்த்து இருப்பது நல்லது. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சி வெயில் தலைக்கு நேர்மேலே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் சூரியன் கொஞ்சம் வடக்கே சாயும், ஆனால் நண்பகலில் மிக உயரமாக இருப்பதால் சிறிய சன்ஷேடே மறைத்துவிடும். தெற்கு பார்த்த திரைக்கு டிசம்பர்தான் சோதனை: நண்பகலிலும் சூரியன் சுமார் 53 டிகிரி உயரத்தில்தான், நேராக முகத்தில் அடிக்கும். கிழக்கு காலை 10 மணிவரை தொல்லை. மேற்குதான் மோசம். பிற்பகல் 3 முதல் 6 வரை தாழ்ந்த வெயில், பெட்டி அதற்குள் நாள் முழுக்கக் காய்ந்திருக்கும், வண்டிகளும் அந்த நேரத்தில்தான் வரும்.

சாய்மானம் பலரும் தவறாகச் செய்வது. திரையை மேல்நோக்கிச் சாய்த்தால் படிக்க வசதி என்று தோன்றும். நின்றபடி சுமார் 20 டிகிரி கீழ்நோக்கிப் பார்ப்பவருக்கு, நேர்குத்தான திரையில் தெரிவது தரை. திரையை 10 டிகிரி பின்னால் சாய்த்தால் பிம்பம் 20 டிகிரி உயரும். தெரிவது நேரெதிரே நிற்கும் கார். 30 டிகிரி சாய்த்தால் பார்வை வானத்துக்குள் 40 டிகிரி ஏறிவிடும். ஆகவே நேர்குத்தாக வையுங்கள். முடிந்தால் 5 டிகிரி முன்பக்கம் கவிழ்த்து வையுங்கள். கீலில் இருக்கும் திரைச்சட்டத்துக்கு அடியில் வாஷர் கொடுத்தே பல பெட்டிகளில் இதைச் செய்துவிடலாம். தரை புது வெள்ளை சிமெண்டாக இருந்தால், மெஷின் முன் ஒரு மீட்டருக்கு அடர்சாம்பல் எபாக்சி அடியுங்கள். எதிர்ச்சுவரை வெள்ளையடித்து வைத்திருந்தால் அதிலும் திரைக்கு நேரான பகுதியை அடர்நிறமாக்குங்கள். சுவருக்கு 500 ரூபாய் பெயிண்ட் அடிப்பதைவிடத் திரைக்கு ஆயிரங்கள் செலவழிப்பது தொழில்நுட்பமாகத் தோன்றும்போல. யாரும் சுவரைத் தொடுவதில்லை.

சன்ஷேடு செய்வது

திரையின் உயரத்தைச் சூரிய உயரக் கோணத்தின் டேன் மதிப்பால் வகுத்தால் சன்ஷேடு எவ்வளவு நீள வேண்டும் என்று கிடைக்கும். 10.1 அங்குலத் திரையின் உயரம் சுமார் 13.6 செ.மீ. சூரியன் 60 டிகிரியில் இருந்தால் 8 செ.மீ. போதும், 45 டிகிரிக்கு 14, 30 டிகிரிக்கு 24. 24 செ.மீ. நீட்டினால் உயரமானவர்கள் குனிந்துதான் பார்க்க வேண்டும். நடைமுறையில் 15 செ.மீ. நீட்டி, முன்விளிம்பை 3 செ.மீ. கீழே மடக்குவது சரியாக வரும். பக்கவாட்டிலும் 10 முதல் 12 செ.மீ. அகலத்துக்கு இறக்கைகள் வேண்டும். மேற்கு பார்த்த மெஷினுக்கு இறக்கை இல்லாத சன்ஷேடு பாதி வேலைதான் செய்யும்.

1.2 மி.மீ. ஜி.ஐ. தகடு அல்லது 3 மி.மீ. ஏ.சி.பி. ஷீட் (இருபக்கமும் அலுமினியம் ஒட்டிய பிளாஸ்டிக் பலகை) எடுங்கள். வெளிப்பக்கம் வெள்ளை, உள்பக்கம் மேட் கறுப்பு. உள்பக்கம் பளபளப்பான கறுப்பாக இருந்தால் அதுவே இன்னொரு கண்ணாடியாகிவிடும், ஏ.சி.பி. வாங்கும்போது இதைக் கவனியுங்கள், பெரும்பாலும் பளபளப்பாகவே வரும். முன்விளிம்பை உள்ளே சுருட்டி மடியுங்கள், இல்லாவிட்டால் யாராவது தலையில் வெட்டிக்கொள்வார்கள். பெட்டியில் துளை போட்டு ரிவெட் அடித்தால் ஒவ்வொரு துளையிலும் சிலிக்கான் வையுங்கள். அது நியூட்ரல் க்யூர் வகையாக இருக்கட்டும். வினிகர் வாடை வரும் சாதாரண சிலிக்கான் உலரும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிட்டு தகட்டையும் உள்ளே இருக்கும் போர்டுகளையும் அரிக்கும்.

சன்ஷேடு தண்ணீர்ச் சிதறலையும் தடுக்கும். ஆனால் 100 பாருக்கு மேல் அழுத்தமுள்ள, தண்ணீர் பீச்சும் கன்னை மெஷின்மேல் பிடித்தால் சன்ஷேடும் காப்பாற்றாது, பெட்டிமேல் ஒட்டியிருக்கும் ஐபி65 என்ற, தூசியும் நீரும் புகாது எனும் தரக்குறியும் காப்பாற்றாது. ஐபி65 சோதனை நிமிடத்துக்கு 12.5 லிட்டர் சாதாரண நீர்ப்பீச்சில்தான் நடக்கிறது. கன் ஹோஸ் எட்டாத தூரத்தில் மெஷினை வைப்பது ஒன்றே வழி.

கண்ணாடி

பெட்டியைத் திறக்குமுன், அதற்குக் கரண்ட் தரும் சுவிட்ச்சான எம்.சி.பி.யை இறக்குங்கள். ஈரமான இடம், அதில் சலுகை கிடையாது.

முன்னே எத்தனை அடுக்கு இருக்கிறது என்று எண்ணுங்கள். பல மெஷின்களில் தொழிற்சாலைக் கண்ணாடிக்கு முன்னால், உடையாமல் இருக்கட்டும் என்று யாரோ ஒரு பாலிகார்பனேட் ஷீட் போட்டிருப்பார்கள். அது கூடுதலாக இரண்டு பரப்பு, 8 சதவீதப் பிரதிபலிப்பு. மொத்தம் 12-லிருந்து 20 ஆகிறது. கழற்றி எறிவதற்கு ஒரு ஸ்குரூ டிரைவர் போதும். பாலிகார்பனேட் அடிவாங்கும், ஆனால் வெயிலில் சில ஆண்டுகளில் மஞ்சளடிக்கும், துணி பட்டாலே கீறும், போலரைஸ்டு சன்கிளாஸ் போட்டவருக்கு வானவில் கறையாகத் தெரியும். உடைப்புப் பயம் உண்மையானால், அதற்குப் பதில் 6 மி.மீ. லேமினேட்டட் கண்ணாடி போடுங்கள்.

கண்ணாடி மாற்றுவதென்றால் இருபக்கமும் பிம்பத்தடுப்புப் பூச்சுள்ள டஃபன்டு கண்ணாடி கேளுங்கள். ஒவ்வொரு பரப்பும் 4 சதவீதத்திலிருந்து 1 சதவீதத்துக்கும் கீழே போகும். டஃபன் செய்த பிறகு கண்ணாடியை வெட்ட முடியாது. ஆகவே பெட்டித் திறப்பின் நான்கு பக்கத்தையும் இரண்டு மூலைவிட்டத்தையும் தனித்தனியாக அளந்து கொடுங்கள். பழைய பெட்டிகள் சதுரமாக இருப்பதில்லை. அளவில் ஒவ்வொரு பக்கத்துக்கும் 1.5 மி.மீ. குறைத்துக்கொள்ளுங்கள். தொடுதிரை கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் வகையென்றால் தடிமனை மாற்றாதீர்கள். 3 மி.மீ.க்குச் சரிசெய்யப்பட்ட தொடுதிரை 6 மி.மீ. கண்ணாடிக்குப் பின்னால் விரலை உணராது. கன்ட்ரோலர் அமைப்பை மாற்ற மெஷின் செய்தவரிடம்தான் போக வேண்டும்.

மேட் ஃபிலிம், பூச்சுக் கண்ணாடி இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மேட் ஃபிலிம் பிம்பத்தை அழிப்பதில்லை, கலைத்துவிடுகிறது. நிழலில் இருக்கும் மெஷினுக்கு நல்லதுதான். நேர் வெயில் அடிக்கும் திரையில் ஒட்டினால் முழுத் திரையும் பால் ஊற்றியதுபோல வெளுத்துவிடும். முதல் பிரிவில் சொன்ன இரண்டாவது சோதனையில், நிழல் போட்ட பிறகே தெளிந்த மெஷினுக்கு மேட் ஃபிலிம் ஒட்டவே கூடாது.

காற்று இடைவெளியை ஒளி கடத்தும் பசையால் நிரப்பி ஒட்டுவதை ஆப்டிகல் பாண்டிங் என்பார்கள். உள்ளே இருக்கும் இரண்டு பரப்புகள் மறைந்துவிடும், பனி மூட்டம்போல உள்ளே வியர்ப்பதும் நின்றுபோகும். இணையத்தில் கிடைக்கும் பசை வாங்கிக் கையால் ஊற்ற முயலாதீர்கள். ஒரு தூசி, ஒரு குமிழி போதும், திரையும் கண்ணாடியும் சேர்ந்தே குப்பை. ஒட்டியே வரும் திரையாக வாங்குங்கள், அல்லது அதற்கான அறை வைத்திருப்பவரிடம் கொடுங்கள்.

மூடும்போது உள்ளே சிலிக்கா ஜெல் பை ஒன்று வையுங்கள். மழைநாளில் திறந்து மூடினால் அந்த ஈரக்காற்று உள்ளே அடைபட்டு, மறுநாள் விடியலில் கண்ணாடியின் உள்பக்கத்தில் முத்துமுத்தாக நிற்கும். பெட்டியின் அடிப்பக்கத்தில் நீர் புகாத, காற்று மட்டும் போகும் மெம்பிரேன் வென்ட் ஒன்று பொருத்தினால் இந்தத் தொல்லை பெரிதும் தீரும்.

திரையில் என்ன காட்டுகிறோம்

இது செலவே இல்லாத வேலை, ஆனால் மென்பொருள்காரரைச் சம்மதிக்க வைப்பதுதான் சிரமம். அலுவலக ஏசி அறையில் உட்கார்ந்து கறுப்புப் பின்னணியில் நீல எழுத்து வடிவமைத்திருப்பார்.

கறுப்புப் பின்னணி வெயிலில் முகம் பார்க்கும் கண்ணாடி. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து போடுங்கள். நிறங்கள் எல்லாம் ஒரே அளவு வெளிச்சம் தருவதில்லை. திரையின் முழு வெள்ளையில் பச்சையின் பங்கு சுமார் 72 சதவீதம், சிவப்பு 21, நீலம் 7. 300 நிட் திரையில் தூய நீல எழுத்து தருவது 21 நிட்தான். 960 நிட் பிம்பத்துக்கு எதிரே அது இருப்பதே தெரியாது. சிவப்பு, பச்சை பட்டன் வேறுபாட்டை மட்டும் நம்பாதீர்கள். ‘ரத்து’, ‘சரி’ என்று எழுத்தும் இருக்கட்டும்.

எழுத்தின் உயரம், படிக்கும் தூரத்தில் நூறில் ஒரு பங்கு. நின்று பார்ப்பவருக்கு 60 செ.மீ. என்றால் 6 மி.மீ.; காரில் உட்கார்ந்தபடி 1.5 மீட்டரிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் 15 மி.மீ. தமிழுக்கு இதையும் ஒன்றரை மடங்காக்குங்கள். ‘ணி’, ‘ஞ்’, ‘நுரை’ போன்றவற்றில் சுழிகளும் புள்ளியும் நெருக்கமாக இருப்பதால் முதலில் அடைத்துக்கொள்வது அவைதான். எழுத்துரு மிகத் தடித்தாலும் சுழி மூடிவிடும், மெலிந்தாலும் கோடு மறைந்துவிடும். நடுத்தரத் தடிமனுக்கு ஒரு படி மேலே இருப்பது சரி. ஒரு பக்கத்தில் நான்கு பட்டனுக்கு மேல் வேண்டாம்: தண்ணீர், நுரை, வேக்ஸ், நிறுத்து. விளக்கப் படம், நகரும் விளம்பரம், மங்கிய நிழல் எல்லாம் எடுத்துவிடுங்கள்.

க்யூஆர் பக்கம்

பணம் வந்துசேரும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஸ்கேன் செய்யும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு க்யூஆரின் அகலம் என்பது பொதுவான கணக்கு. 40 செ.மீ. தூரத்துக்கு 4 செ.மீ.; வெயிலுக்கு 7 செ.மீ.க்குக் குறையாமல் வையுங்கள். சுற்றிலும் நான்கு கட்டம் அளவுக்கு வெள்ளை விளிம்பு வேண்டும். அழகுக்காக அதை நறுக்கிவிட்டு, ‘ஃபோன் எடுக்கவில்லை’ என்று நெட்வொர்க்கைக் குறை சொல்வார்கள்.

பிழைதிருத்த அளவு நான்கு உண்டு: 7, 15, 25, 30 சதவீதம். 30 வைத்தால் பாதுகாப்பு என்று நினைப்பது இயல்பு. ஆனால் அளவு கூடக்கூடக் கட்டங்களின் எண்ணிக்கை கூடி ஒவ்வொரு கட்டமும் சிறிதாகும். வெயிலில் தோற்பது சிறிய கட்டங்கள்தான். 15 சதவீதம் போதும். அதேபோல யுபிஐ இணைப்பில் பெறுபவர் பெயர், குறிப்பு ஆகிய இடங்களில் நீளமாக எழுதாதீர்கள். எழுத்து குறைந்தால் கட்டமும் குறையும். நடுவில் லோகோ வேண்டாம்.

இன்னொரு கோளாறு சட்டென்று பிடிபடாது. பேக்லைட்டை மங்கலாக்கும் பல சர்க்யூட்டுகள் எல்இடியை வேகமாக அணைத்து அணைத்துப் போடுகின்றன. வெயிலில் ஃபோன் கேமரா மிகக் குறுகிய நேரத்தில் படமெடுப்பதால், திரையின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் ஓடுவதுபோலப் பதிவாகும், ஸ்கேன் தடுமாறும். கண்ணுக்குத் தெரியாது, ஃபோன் திரையில் பார்த்தால் தெரியும். க்யூஆர் வரும் பக்கத்தில் மட்டும் பேக்லைட்டை 100 சதவீதத்துக்கு ஏற்றிவிடுங்கள். முழு வெளிச்சத்தில் அணைப்பதே இல்லை, பட்டையும் இல்லை.

எல்சிடி இல்லாத பழைய மெஷின்கள்

காயின் மெஷின்களில் மீதி நேரம் காட்டுவது பெரும்பாலும் சிவப்பு செவன் செக்மெண்ட், அதாவது ஏழு எல்இடி கோடுகளால் எண் காட்டும் திரை. இதற்கு முன்னால் தெளிந்த கண்ணாடிக்குப் பதில் 3 மி.மீ. அடர்சிவப்பு அக்ரிலிக் வையுங்கள். எல்இடியின் சிவப்பு ஏறக்குறைய அப்படியே வெளியே வரும். உள்ளே போகும் வெள்ளை ஒளியில் பச்சையும் நீலமும் அங்கேயே நின்றுவிடும். எல்சிடியில் பயன்படாத நிற வடிகட்டி இங்கே அருமையாக வேலை செய்வதற்கு அதுவே காரணம். மேக்ஸ்7219 போன்ற டிரைவர் சிப் இருந்தால் அதில் வெளிச்சத்துக்கு 16 படிகள் உண்டு. புரோகிராமில் நடுவில் விட்டிருக்கலாம், ஏற்றிப் பாருங்கள்.

16×2 (வரிக்கு 16 எழுத்து, 2 வரி) அல்லது 20×4 எழுத்துத் திரையில் நீலப் பின்னணி, வெள்ளை எழுத்து என்றால் வெயிலில் நம்பிக்கை வைக்க வேண்டாம். அது முழுக்கப் பேக்லைட்டை நம்பும் வகை. அதே 16 கால் (இணைப்புப் பின்) அமைப்பில், மஞ்சள்பச்சை அல்லது சாம்பல் பின்னணியில் கறுப்பு எழுத்து வரும் டிரான்ஸ்ஃப்ளெக்டிவ் வகை கிடைக்கும். வெயில் அதன் உள்ளே போய்த் திரும்பி வருவதால், வெயில் கூடக்கூடத் தெளிவும் கூடும். மாற்றும்போது 15, 16 கால்களில் பேக்லைட்டின் பிளஸ், மைனஸ் எது என்று புதிய திரையின் தாளில் சரிபாருங்கள். சில தயாரிப்புகளில் இடம் மாறியிருக்கும். மூன்றாவது காலில் இருக்கும் 10 கிலோஓம் பிரீசெட்தான் (திருப்பி மாற்றும் சிறு ரெசிஸ்டர்) எழுத்தின் அழுத்தத்தை மாற்றும் கான்ட்ராஸ்ட். அதைக் காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது திருப்பி வைத்தால், மத்தியானம் பெட்டி சூடானதும் எழுத்துக்குப் பதில் கறுப்புக் கட்டங்கள் நிற்கும். மத்தியானம் 2 மணிக்குத் திருப்புங்கள், மறுநாள் காலையில் லேசாகத் தெரிந்தால் போதும்.

கடைசியாக, திரையை மாற்றுவது

மேலே சொன்னதெல்லாம் செய்தும் போதவில்லையென்றால் 1000 நிட் திரைக்குப் போங்கள். பழைய பேனலின் பின்பக்க லேபிளைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். ரெசல்யூஷன், கனெக்டரின் கால் எண்ணிக்கை, சிக்னல் வகை எல்விடிஎஸ்ஸா இடிபியா, பேனல் வோல்ட்டேஜ் 3.3-ஆ 5-ஆ, பேக்லைட் வோல்ட்டேஜ் ஆகியவை ஒத்துப்போக வேண்டும். கனெக்டர் பொருந்துகிறது என்பதற்காகச் செருகிவிடாதீர்கள். ஒரே கனெக்டரில் கால் வரிசை மாறியிருந்தால் பேனல் எரிந்துபோகும். பேக்லைட் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கரண்ட் எடுக்கும், மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.சில் அதற்கு இடம் இருக்கிறதா என்று கணக்குப் போடுங்கள்.

அந்தக் கூடுதல் கரண்ட் முழுவதும் பெட்டிக்குள் சூடாகத்தான் முடியும். வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட் கொண்டுவருகிறது. மூடிய இரும்புப் பெட்டிக்குள் 60 டிகிரி செல்சியஸ் சாதாரணம். வீட்டு வகைத் திரைகள் 50 டிகிரி வரைக்குத்தான். திரைமேல் கறுத்த திட்டு பரவி, சாயங்காலம் தானாக மறைந்தால் அது உடைப்பல்ல. திரவப்படிகம் சூட்டில் தன் ஒழுங்கை இழந்துவிட்டது. சாதாரணப் பேனலில் இது 70, 80 டிகிரியிலேயே நேரும். வெளியிடத்துக்கென்று செய்த பேனல்கள் 110 வரை தாங்கும். வாங்கும்போது நிட் கணக்கை மட்டும் கேட்காமல் இந்த அளவையும் கேளுங்கள்.

சூட்டைக் குறைக்க ஃபேன் வைக்கும் ஆசை வரும். நுரையும் நீர்த்துளியும் பறக்கும் இடத்தில் அது அவற்றை உள்ளே இழுத்துவிடும். பெட்டியின் வெயில் படும் பக்கங்களுக்கு வெளியே 20 மி.மீ. இடைவெளி விட்டு இன்னொரு வெள்ளைத் தகடு பொருத்துங்கள். வெயில் அந்தத் தகட்டைச் சுடும், காற்று இடைவெளி வழியே மேலே போய்விடும். பேக்லைட் டிரைவரை அலுமினியத் தகட்டோடு பின்சுவரில் ஒட்டவையுங்கள்.

1000 நிட் திரை இரவில் கண்ணைக் குத்தும். லைட் சென்சார் ஒன்று வைத்து, இரவில் 100 முதல் 150 நிட்டுக்கு இறக்குங்கள். எல்இடியின் ஆயுளும் கூடும். சென்சாரைத் திரையின் அதே தளத்தில் வையுங்கள். அதை மட்டும் சன்ஷேடு நிழலில் ஒளித்து வைத்தால், நடுப்பகலில் இரவென்று நினைத்துத் திரையை மங்கலாக்கிவிடும். ஒரு கார் கடந்தாலே திரை மினுக்காமல் இருக்க, 5 முதல் 10 விநாடி சராசரியை எடுத்து மாற்றச் சொல்லுங்கள்.

வாங்குமுன் போலரைஸ்டு சன்கிளாஸ் போட்டுப் பாருங்கள். கிடைமட்டமாக வைத்தால் தெரியும் பல பேனல்கள், நிமிர்த்தி வைத்தால் முழுக்கக் கறுத்துவிடும். திரையைத் திருப்ப வழியில்லையென்றால் அப்படிக் கறுக்காமல் தடுக்கும் கால்அலை (குவார்ட்டர் வேவ்) ஃபிலிம் ஒட்டிய பேனலாகக் கேளுங்கள்.

கார்டு ரீடரின் சின்னத் திரை தெரியவில்லை என்று அதை மட்டும் திறக்காதீர்கள். அதற்குள் திறப்பு உணரி இருக்கிறது. மூடியைக் கழற்றியதும் ரகசியக் குறியீடுகளை அழித்துக்கொண்டு செத்துவிடும். சன்ஷேடுதான் அதற்கு ஒரே வழி. அதுவும் ரகசிய எண் (PIN) அழுத்தும் பட்டன்களை மறைக்காமல், கேமரா எதுவும் உள்ளே ஒளிய இடம் தராமல்.

துடைப்பது

போர் தண்ணீர் உலர்ந்த உப்புக்கறை நேர் வெயிலில் ஒளியைச் சிதறடிக்கிறது. 1,00,000 லக்ஸில் 3 சதவீதம் சிதறினாலே, அதை 3.14-ஆல் வகுத்து நிட்டாக்கினால் 950 நிட். முழு வானத்தின் பிம்பத்துக்குச் சமம். தினமும் மாலையில், கண்ணாடி ஆறிய பிறகு, ஈர மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். படிந்துபோன கறைக்கு வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து துணியில் நனைத்து இரண்டு நிமிடம் ஒற்றி வைத்துத் துடையுங்கள், பிறகு நல்ல தண்ணீர். சக்கரம் கழுவும் ஆசிட் கண்ணாடியையே அரிக்கும், நுரைச் சோப்பின் காரம் பூச்சை உரிக்கும். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் பூச்சுக்கும் ஃபிலிமுக்கும் ஆகாது. துடைக்கும் ஆளிடம் இந்த மூன்று பாட்டில்களையும் காட்டிச் சொல்லிவிட்டு, திரைக்கென்று தனித் துணி ஒன்றைப் பெட்டியின் பக்கத்திலேயே கொக்கியில் மாட்டி வையுங்கள். சக்கரம் துடைத்த துணியில் மணல் இருக்கும்.